அஸ்பெண்டோஸ் ரோமானிய அரங்கம்: போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி போய் வந்ததிலிருந்து என் கைப்பேசியில் இருக்கும் ஒரே ஒரு படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். குன்றின் சரிவில் அரைவட்டமாக ஏறும் கல் இருக்கைகள், எதிரே கோட்டைச் சுவர் மாதிரி ஒரு மேடைச்சுவர். அதுதான் அஸ்பெண்டோஸ். அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன். நாற்பது நிமிடத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறை அம்மாவோடு, ஒரு முழு நாள். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் பெரிது. அதனால்தான், உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை ஓர் இடத்தில் சேர்த்து, பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அஸ்பெண்டோஸ் எங்கே இருக்கிறது?

துருக்கியின் தெற்குக் கடற்கரையில், அந்தால்யா நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரத்தில். பக்கத்தில் இருக்கும் சிறுநகரம் செரிக். அரங்கத்தை ஒட்டிய கிராமத்தின் பெயர் பெல்கிஸ். அந்தப் பகுதியைப் பழங்காலத்தில் பம்ஃபீலியா என்றார்கள். கடல் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் யூரிமெடோன் ஆற்றின் வழியாகக் கப்பல்கள் இந்த ஊர்வரை வந்து போயின. அதே ஆற்றை இன்று கோப்ருச்சாய் என்கிறார்கள்.

இது ரோமில் இருக்கும் கொலோசியம் மாதிரியா?

இல்லை. அதிகம் பேர் குழப்பிக்கொள்வது இதைத்தான். கொலோசியம் முழு வட்டம், சரியாகச் சொன்னால் முட்டை வடிவம். சுற்றிலும் ஆட்கள், நடுவில் சண்டை. அதற்கு ஆம்பிதியேட்டர் என்று பெயர். அஸ்பெண்டோஸில் இருப்பது தியேட்டர். அரைவட்டத்தில் பார்வையாளர்கள், எதிரே மேடை, மேடைக்குப் பின்னால் பல மாடி உயரச் சுவர். சண்டைக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சரி. நாடகத்தில் நடிகரின் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். அதனால் கட்டடத்தின் வடிவமே மாறிவிடுகிறது.

கிரேக்க அரங்குக்கும் ரோமானிய அரங்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிடலாம். கிரேக்கர்கள் பெரும்பாலும் மலைச்சரிவைக் குடைந்து இருக்கைகளை அமைத்தார்கள். மேடைக்கட்டடம் தாழ்வாக, தனியாக நிற்கும். அதன் தலைக்கு மேலே மலையும் கடலும் தெரியும். ரோமானியர்களோ மேடைச்சுவரை இருக்கைகளின் உச்சி உயரத்துக்கே எழுப்பி, இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்தால் வெளியுலகம் மறைந்துபோகும். தெரிவது வானம் மட்டும்தான். அஸ்பெண்டோஸ் இரண்டும் கலந்தது. இருக்கைகளின் ஒரு பகுதி குன்றின் மேல் சாய்ந்திருக்கிறது, மீதி வளைவு மண்டபங்களின் மேல் நிற்கிறது. ஆனால் உள்ளே கிடைக்கும் அனுபவம் முழுக்க ரோமானியம்.

யார் கட்டினார்கள்? எப்போது?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் காலத்தில் (161–180). கட்டடக் கலைஞரின் பெயர் ஸீனோன், தியோடோரஸின் மகன், இதே ஊர்க்காரர். பணம் கொடுத்தவர்கள் குர்ட்டியஸ் கிரிஸ்பினஸ், குர்ட்டியஸ் ஆஸ்பிகாட்டஸ் என்ற இரண்டு சகோதரர்கள். இந்த மண்ணின் தெய்வங்களுக்கும் அரச குடும்பத்துக்கும் இதைக் காணிக்கையாக்குவதாக வாசல்களின் மேல் கல்வெட்டு இருக்கிறது. ஒரே செய்தி கிரேக்கத்திலும் லத்தீனிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊரின் பேச்சு மொழி ஒன்று, ஆட்சி மொழி இன்னொன்று, அதனால் இரண்டிலும். உள்ளே நுழையும் அவசரத்தில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தலையைத் தூக்கிப் பாருங்கள்.

1,800 ஆண்டுக்கு மேல் ஆகியும் எப்படி இவ்வளவு முழுசாக இருக்கிறது?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

கட்டுமானம் உறுதியானது என்பது பாதி விடைதான். இதே வட்டாரத்தில் பெர்கே, சீடே என்ற ஊர்களிலும் ஏறக்குறைய அதே காலத்து ரோமானிய மேடைக்கட்டடங்கள் இருந்தன. அதே வகைக் கல், அதே வகைக் கைத்திறன். அங்கே மேடைச்சுவர்கள் சரிந்துவிட்டன. இங்கே உச்சிவரை நிற்கிறது. மீதிப் பாதி விடை என்னவென்றால், இங்கே ஆள் நடமாட்டம் நின்றுபோகவில்லை.

ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதையே இங்கே கல்லில் பார்க்கலாம். ரோமானியப் பேரரசு போய், அதன் கிழக்குத் தொடர்ச்சியான பைசாந்தியப் பேரரசு தளர்ந்து, 13-ஆம் நூற்றாண்டில் செல்ஜூக் துருக்கியர்கள் வந்தார்கள். சுல்தான் அலாவுதீன் கைகுபாத் (ஆட்சிக்காலம் 1220–1237) குளிர்காலங்களை இந்தக் கடற்கரைப் பக்கம் கழிப்பவர். நாடகம் பார்க்கும் வழக்கம் அந்த மக்களுக்கு இல்லை. ஆனால் கூரை போட்டுக்கொள்ளத் தோதான பெரிய கல் கட்டடம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதை அவர்கள் இடித்துக் கல்லை எடுத்துப் போகவில்லை. மேடைக்கட்டடத்தைச் செப்பனிட்டு அரண்மனையாகவும் தங்குமிடமாகவும் பயன்படுத்தினார்கள். சுவருக்கு வெள்ளைச் சாந்து பூசி, அதன் மேல் சிவப்பு நிறத்தில் வளைந்து நெளியும் கோடுகள் தீட்டினார்கள். அந்தக் கோடுகள் சில இடங்களில் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. ரோமானியச் சுவரில் செல்ஜூக் வண்ணம்! முதல் முறை போனபோது அதை யாரோ கிறுக்கியது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இரண்டாவது முறை அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தப் பூச்சைப் பூசிய கைகள் இல்லையென்றால் நான் பார்க்க வந்த சுவரே இருந்திருக்காது.

உலகில் நன்றாகப் பிழைத்திருக்கும் மற்ற ரோமானிய அரங்குகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். சிரியாவின் பொஸ்ராவில் கருங்கல் அரங்கைச் சுற்றிக் கோட்டை எழுப்பினார்கள். அந்தக் கோட்டை அரங்கத்தை உள்ளே பொத்திவைத்துக் காப்பாற்றியது. பிரான்சின் ஒராஞ்ச் நகர அரங்கத்துக்குள் மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் அவற்றை அகற்றினார்கள்.

1930-இல் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் அஸ்பெண்டோஸுக்கு வந்தார். பூட்டிவைத்து வேடிக்கை பார்க்கும் இடமாக இது ஆகிவிடக் கூடாது, செப்பனிட்டு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. அப்படியே நடந்தது.

உள்ளே போனதும் எதைப் பார்ப்பது? எங்கே நிற்பது?

முதலில் மேலே ஓடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கீழே அரைவட்டத் தளத்தில், இருக்கைகளுக்கும் மேடைக்கும் நடுவில், கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேடைச்சுவரைப் பார்த்துத் திரும்புங்கள். இரண்டு அடுக்குகளில் வெறுமையான மாடங்கள் தெரியும். ஒரு காலத்தில் அவற்றின் முன்னால் தூண்கள் நின்றன, மாடங்களுக்குள் சிலைகள் இருந்தன, சுவரை வெள்ளைப் பளிங்கு மூடியிருந்தது. இப்போது எஞ்சியிருப்பது எலும்புக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சதை இருந்தபோது கண் கூசியிருக்கும். மேல் அடுக்கின் நடுவில் முக்கோண முகப்பு ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அதில் செடிகொடிகளுக்கு நடுவே ஓர் உருவம். அது டயோனிசஸ், மதுவுக்கும் நாடகத்துக்கும் உரிய தெய்வம்.

மேடையில் ஐந்து கதவுகள். நடுக்கதவு பெரியது, முக்கியப் பாத்திரங்கள் அதன் வழியாக வருவார்கள். அவற்றுக்குக் கீழே, தரை மட்டத்தில், சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. மிருகங்களை உள்ளே விடுவதற்காக என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பிற்கால ரோமானிய உலகில் நாடக அரங்குகளில் மிருக வேட்டைக் காட்சிகளும் நடந்தன. மேடையின் தளம் மரத்தால் ஆனது. அது போய்விட்டதால்தான் கதவுகள் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி தெரிகின்றன. மேடையின் இரு பக்கச் சுவர்களிலும் சரிவான ஒரு தடம் ஓடுவதைத் தேடிப் பாருங்கள். மேடைக்கு மேல் இருந்த மரக்கூரை அங்கேதான் பொருந்தியிருந்தது.

பிறகு ஏறுங்கள். நாற்பது வரிசைக்கு மேல் இருக்கைகள், நடுவில் குறுக்கே ஒரு நடைபாதை. படி செங்குத்து. உச்சிக்குப் போனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட தாழ்வாரம் அரைவட்டமாகச் சுற்றி வருகிறது. வெயில் காலத்தில் அரங்கில் நிழல் கிடைக்கும் இடம் இதுதான். அங்கே ஒரு வளைவின் கீழ் உட்கார்ந்துவிடுங்கள். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். குழுக்கள் வந்தன, படம் எடுத்தன, போயின. இரண்டு குழுக்களுக்கு நடுவே கிடைக்கும் ஐந்து நிமிட அமைதியில்தான் அந்த இடம் தன்னைக் காட்டுகிறது.

கீழே கிசுகிசுத்தால் மேலே கேட்குமாமே, உண்மையா?

குரலை உயர்த்தாமல் பேசினால் கேட்கும். கிசுகிசுப்பு கேட்கும் என்பது கொஞ்சம் மிகை.

நாங்கள் சோதித்துப் பார்த்தோம். ஆள் குறைந்த ஒரு நேரத்தில் அம்மா கீழே நின்றார், நான் உச்சித் தாழ்வாரத்துக்கு ஏறினேன். "ஏறிட்டியா?" என்று வீட்டில் கேட்கிற குரலில்தான் கேட்டார். தெளிவாகக் காதில் விழுந்தது. பிறகு, நான் கேட்காமலேயே, என் மகளைத் தூங்கவைக்கப் பாடும் தாலாட்டைப் பாட ஆரம்பித்தார். அடிக்கும் அடிக்கும் நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்ற ஒரு துருக்கிய மூதாட்டி பேசாமல் கை கூப்பிவிட்டுப் போனார். பயணத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

காரணம் மந்திரம் இல்லை, வடிவம். இருக்கைகள் செங்குத்தாக ஏறுவதால் முன்வரிசைத் தலைகள் ஒலியை மறைப்பதில்லை. எதிரே உயர்ந்து நிற்கும் கல்சுவர் ஒலியைத் திருப்பி இருக்கைகளின் பக்கமே அனுப்புகிறது. அன்று மரக்கூரையும் மேலே போகும் ஒலியைக் கீழே தள்ளியிருக்கும். கிசுகிசுப்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்கத்தின் எபிடாரஸ் உள்ளிட்ட பழைய அரங்குகளில் நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் பல்கலைக்கழகத்தினர் ஆயிரக்கணக்கான ஒலி அளவீடுகள் செய்து 2017-இல் முடிவைச் சொன்னார்கள். நாணயம் விழும் ஓசையும் கிசுகிசுப்பும் கடைசி வரிசைவரை தெளிவாகப் போவதில்லை. நல்ல நடிகரின் உரத்த குரல் போகிறது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. பயிற்சி பெற்ற மனிதக் குரலுக்காகவே கட்டிய இடம் என்பது இன்னும் பெரிய பாராட்டு.

அரசன் மகள் கதை என்று ஒன்று சொல்கிறார்களே?

ஊரில் வழங்கும் கதை. அரசனுக்கு ஒரு மகள். ஊருக்கு மிகச் சிறந்த கட்டடத்தைக் கட்டுகிறவனுக்கே அவளைக் கொடுப்பதாக அறிவித்தானாம். ஒருவன் தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைக் கட்டினான், இன்னொருவன் அரங்கத்தைக் கட்டினான். கால்வாய்க்காரனுக்கே பெண் என்று அரசன் கிட்டத்தட்ட முடிவெடுத்துவிட்டு அரங்கத்தின் உச்சியில் நடந்தபோது, யாரோ பக்கத்தில் நின்று "அரசன் மகள் எனக்குத்தான்" என்று சொல்வது கேட்டதாம். பக்கத்தில் ஆளில்லை. கீழே மேடையில் நின்ற ஸீனோன் மெல்லச் சொன்னது அது. பெண் அவனுக்கே கிடைத்தது என்று ஒரு வடிவம் முடிகிறது. வேறு வடிவங்களும் உண்டு.

ரோமானியர் காலத்தில் அஸ்பெண்டோஸுக்கு அரசன் கிடையாது, அதனால் இது வரலாறு இல்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த கதை. ஊர்க்காரர்கள் தங்கள் இரண்டு பெருமைகளையும், அரங்கத்தையும் தண்ணீர்க் கால்வாயையும், ஒரே கதையில் முடிந்து வைத்திருக்கிறார்கள்.

எத்தனை பேர் உட்காரலாம்?

ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்வார்கள். கவனமான கணக்குகள் 7,000-இலிருந்து 12,000 வரை போகின்றன. நெருக்கி உட்கார்ந்தால் இன்னும் அதிகம் என்பார்கள். அரங்கத்தின் விட்டம் சுமார் 96 மீட்டர்.

எந்த மாதம், எந்த நேரம் போவது நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு 38 டிகிரி புதிதில்லைதான். ஆனால் நாலா பக்கமும் கல் காய்ந்து அனல் வீசும் ஒரு கிண்ணத்துக்குள் உட்காருவது வேறு விஷயம். குளிர்காலத்தில் மழை உண்டு, கூட்டம் இருக்காது. நனைந்த படிகள் வழுக்கும்.

அரங்கம் கிழக்கைப் பார்த்து அமைந்திருக்கிறது. அதனால் காலையில் வெளிப்புறச் சுவரில் வெளிச்சம் விழும், மாலையில் உட்புற மேடைச்சுவரில் விழும். உள்ளே நல்ல படம் வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போங்கள். அந்தச் சுவர் அப்போது தேன் நிறத்துக்கு வந்துவிடும். பெரிய சுற்றுலாப் பேருந்துகளும் அதற்குள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். மூடும் நேரம் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. அதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தால்யாவிலிருந்து எப்படிப் போவது?

வாடகைக் கார் எடுத்தால் சுலபம். டி-400 கடற்கரை நெடுஞ்சாலையில் கிழக்கே போய், செரிக் தாண்டியதும் பழுப்பு நிறப் பலகையைப் பார்த்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பேருந்து என்றால் அந்தால்யா பேருந்து நிலையத்திலிருந்து செரிக் வரை சிற்றுந்துகள் போகின்றன. செரிக்கிலிருந்து அரங்கம் பத்துக் கிலோமீட்டருக்குள். அந்தக் கடைசித் துண்டுக்கு டாக்சிதான் நிச்சயமான வழி. திரும்பி வருவதற்கும் அதே டாக்சிக்காரரிடம் நேரத்தையும் தொகையையும் ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் பயணத்தில் குழுவோடு போகும் ஒருநாள் சுற்றுலா மலிவாகத் தோன்றியது. அதில் பெர்கே, சீடே, அருவி, நகைக்கடை எல்லாம் ஒரே நாளில் அடங்கும், அரங்கத்துக்கு மிஞ்சுவது நாற்பது நிமிடம். இவ்வளவு தூரம் வந்து அப்படிப் பார்க்காதீர்கள். மனசு கேட்காது.

டிக்கெட்?

கட்டணம் அடிக்கடி மாறுவதால் எண் எதுவும் எழுதவில்லை. பல பழைய ஊர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வெளிநாட்டவருக்கான மியூசியம் பாஸ் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கலாம். 

அரங்கம் தவிர வேறென்ன இருக்கிறது? அரை நாள் போதுமா?

அரங்கத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம். ஆனால் அரங்கத்தோடு திரும்புவது, கோயிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாதையில் குன்றின் மேல் ஏறினால் ஊரின் நடுப்பகுதி கிடைக்கும். சந்தைச் சதுக்கம், பெரிய பொது மண்டபத்தின் சிதிலம், ஒரு காலத்தில் தண்ணீர் கொட்டிய அலங்கார நீரூற்றின் உயரமான சுவர். முள்ளும் புதரும் உண்டு, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். கி.மு. 333-இல் அலெக்சாந்தர் வந்தபோது இந்த ஊர்க்காரர்கள் 50 தாலந்தும் (தாலந்து அக்காலத்துப் பெரிய பண அளவு), பாரசீக மன்னனுக்காக வளர்த்த குதிரைகளும் தருவதாக ஒப்புக்கொண்டு, அவர் முதுகைத் திருப்பியதும் மறுத்தார்கள். அவர் திரும்பி வந்து நின்றார். கடைசியில் 100 தாலந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கோபத்தோடு அவர் படை நின்ற சமவெளி மேலிருந்து பார்த்தால் அப்படியே விரிகிறது.

குன்றின் வடக்கு ஓரத்துக்குப் போங்கள். நான் மறுபடி போவதே அந்தக் காட்சிக்காகத்தான். கீழே வயல்களுக்கு நடுவே ரோமானியத் தண்ணீர்ப் பாலத்தின் வளைவுகளும், இரு பெரிய கோபுரங்களும் நிற்கின்றன. வடக்கு மலைகளிலிருந்து 19 கிலோமீட்டர் தண்ணீர் வந்தது. ஆனால் ஊருக்கும் மலைக்கும் நடுவே தாழ்வான பள்ளத்தாக்கு. அதை முழுக்க உயரமான பாலத்தால் நிரப்புவதற்குப் பதில், துளையிட்ட கற்களை ஒன்றோடொன்று பொருத்திக் குழாயாக்கி, தண்ணீரைப் பள்ளத்தில் இறக்கி, அதன் சொந்த அழுத்தத்தாலேயே மறுபுறம் ஏற வைத்தார்கள். பாதை திசை திரும்பும் இரு இடங்களில் கோபுரம். உச்சியில் இருந்த திறந்த தொட்டிக்கு ஏறும் தண்ணீர் அங்கே மூச்சுவிட்டு, மறுபடி இறங்கும். வளைவில் குழாய் வெடிக்காமல் இருக்க அது உதவியது. தைபீரியஸ் கிளாடியஸ் இட்டாலிகஸ் என்பவர் தண்ணீர் கொண்டுவர 20 லட்சம் தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

திரும்பும் வழியில் கோப்ருச்சாய் ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் வரும். நேராகப் போகாமல் நடுவில் கோணிக்கொண்டு போகும். ரோமானியப் பாலம் இடிந்தபின், தண்ணீரில் இடம் பெயர்ந்து கிடந்த பழைய அடித்தளங்களின் மேலேயே செல்ஜூக்குகள் கட்டியதால் அந்தக் கோணல். அந்தப் பாலத்தின் கற்களுக்குள் வட்டத் துளையுள்ளவை இருக்கின்றன. தண்ணீர்க் குழாயின் கற்கள்தான் அவை. பயன்படாமல் கிடந்த குழாயை எடுத்துப் பாலமாக்கியிருக்கிறார்கள்.

வயதானவர்களை, குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. கீழ்த்தளம்வரை பெரிய சிரமமில்லை, அங்கே உட்கார்ந்தே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். மேலே ஏறும் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. அம்மாவுக்கு மூட்டுவலி, நடு நடைபாதைவரை மட்டும் மெல்ல ஏறினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் கையை உச்சியில் விட வேண்டாம், தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. தண்ணீர், தொப்பி, உட்காரத் தடித்த துண்டு, இந்த மூன்றும் கட்டாயம்.

அங்கே இன்னும் நிகழ்ச்சிகள் நடக்கின்றனவா?

நடக்கின்றன. 1994-இலிருந்து அஸ்பெண்டோஸ் பன்னாட்டு ஓபரா, பாலே விழா நடக்கிறது. துருக்கி அரசின் ஓபரா, பாலே அமைப்பு நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் செப்டம்பரில் வைக்கிறார்கள். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, அடுத்த முறை அதை வைத்துத்தான் பயணத்தையே அமைக்கப் போகிறேன். ஓபரா புரியுமா என்று தயங்காதீர்கள். தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பாட்டும் ஆட்டமும் கதையுமாக இரவெல்லாம் வெட்டவெளியில் உட்காருவது அந்நியமாக இருக்காது. விழா நாட்களில் பகல் நேரத்தில் மேடையில் ஒலிபெருக்கிகளும் செட்டும் நிற்கும். வெறும் அரங்கம் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்க்கலாம்.

சில இருக்கைகள் புத்தம் புதிதாக, வெள்ளையாக இருக்கின்றனவே?

செப்பனிடும்போது உடைந்த இருக்கைகளுக்குப் பதில் வைத்த புதுக் கல். பழைய கல்லோடு நிறம் ஒட்டவில்லை என்று 2015 வாக்கில் துருக்கியில் பெரிய விவாதமே நடந்தது. எனக்கும் முதலில் கண்ணை உறுத்தியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தபின் வேறு மாதிரி தோன்றியது. எது பழையது, எது புதியது என்று ஏமாற்றாமல் காட்டுவது நேர்மை. ஆனால் இன்னும் அடக்கமான நிறத்தில் கல் தேடியிருக்கலாம் என்பதும் என் எண்ணம்.

பெர்கே, சீடே அரங்குகளையும் பார்க்க வேண்டுமா? ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

ஒன்று என்றால் அஸ்பெண்டோஸ், தயக்கமே இல்லை. இரண்டாவது நாள் கிடைத்தால் சீடே. கடற்கரை ஊருக்கு நடுவிலேயே அரங்கம் நிற்கிறது, மாலையில் கடலோரக் கோயில் தூண்களையும் பார்க்கலாம். பெர்கேயில் அரங்கத்தைவிடத் தூண்கள் வரிசையிட்ட நெடுந்தெருவுக்காகப் போக வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

வழியோரக் கடைகளில் கோஸ்லெமே கேளுங்கள். மெல்லிய மாவுத் தகட்டுக்குள் பாலாடைக்கட்டி, கீரை அல்லது உருளைக்கிழங்கு வைத்து மடித்துச் சுட்டுத் தருவார்கள். கூடவே ஐரான். நம் உப்பு மோர்தான், தாளிப்பு மட்டும் இல்லை. அம்மா இரண்டு தம்ளர் குடித்தார். பருவத்தில் போனால் மாதுளை, ஆரஞ்சுச் சாறு கண்ணெதிரே பிழிந்து கொடுப்பார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா எப்படி?

முன்கூட்டி விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டும் விசா வாங்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மின்விசா எடுக்கலாம். விதிகள் மாறக்கூடியவை. விமான டிக்கெட் போடும் முன் அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். விசா வர நாளாகலாம் என்பதால் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னதாகத் தொடங்குங்கள்.

அங்கே பாடலாமா? காவலர்கள் தடுப்பார்களா?

நாங்கள் பாடியதை யாரும் தடுக்கவில்லை. ஒலிபெருக்கி எடுத்துப் போகாதீர்கள், மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கத்தாதீர்கள். கீழ்த்தளத்தில், மேடைக்கு எதிரே நடுவில் நில்லுங்கள். உடன் வந்தவரை முன்பே உச்சித் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடுங்கள், அவர் மேலே போய்ச் சேரப் பத்து நிமிடமாகும்.